ஒரே ஓட்டத்தில் ஒரு வரலாறு: ‘ருஷ்யப் பேழை’யின் உருவமும் கருத்துநிலையும்

திரைப்படத்தை நயந்துரைப்போரில் ஒரு சாரார் தொழினுட்பச் சிறப்பைத் தனித்தெடுத்துப் போற்றுவர்; மறு சாரார் கதைப்பொருளை மட்டுங்கொண்டு ஒரு படைப்பை ஏற்கவோ தள்ளவோ செய்வர். இவ்விரு போக்குகளும் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் வேறு வேறாகக் கொள்வன. ஓர் உருவத்தைத் தெரிந்தெடுப்பதே உலகை நோக்கும் ஒரு முறையைத் தெரிந்தெடுப்பதாகும் என்பதை விளங்கிக்கொள்ள, ருஷ்ய நெறியாளர் அலெக்சாண்டர் சொகுரோவ் 2002 இல் வெளியிட்ட ‘ருஷ்யப் பேழை’ பெரிதும் உதவுகின்றது.

சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள குளிர்கால மாளிகை சார் மன்னரின் உறைவிடமாக இருந்து, பின்னர் ஹேர்மிற்றாஜ் அரும்பொருட்காட்சியகத்தின் பகுதியாயிற்று. அங்கு 2001 டிசெம்பர் 23 ஆம் நாள், 96 நிமிட நேரப் படம் முழுவதும் வெட்டு எதுவுமின்றி எடுக்கப்பட்டது. ஜெர்மனிய ஒளிப்பதிவாளர் ரில்மான் பியூற்னர் கமெராவை உடலிற் பொருத்தியவாறு 33 மண்டபங்களினூடே நடந்தார். நடிகரும் துணை நடிகருமாக ஏறத்தாழ இரண்டாயிரம் பேரும் மூன்று இசைக்குழுக்களும் பங்குகொண்டனர். மூன்று முயற்சிகள் இடைநடுவில் நின்றுபோக, நான்காவதே நிறைவெய்தியது.

சுருள்படக் காலத்தில் இஃது இயலாத காரியமாகும். ஹிற்ச்கொக் 1948 இல் ‘றோப்’ படத்தை ஒரே ஓட்டம்போலத் தோன்றச்செய்ய முற்பட்டபோது, ஏறத்தாழப் பத்து நிமிடத்திற் சுருள் முடிந்துவிடுமாதலால் வெட்டுகளை மறைக்கவேண்டியிருந்தது. காட்சிகளை இலக்கமுறையில் வன்தட்டில் நேரே பதியும் வசதி தோன்றிய பின்னரே சொகுரோவின் எண்ணம் கைகூடியது. கலைவடிவத்தின் சாத்தியப்பாடுகள் உற்பத்திச் சாதனங்களின் வளர்ச்சியோடு பிணைந்தவை என்பதற்கு இது தக்க சான்று.

படத்தில் கண்ணுக்குத் தெரியாத கதைசொல்லி ஒருவரின் குரலைக் கேட்கிறோம். அவரோடு கூட வருபவர், 1839 இல் ருஷ்யாவிற் பயணஞ்செய்து அந்நாட்டைக் கடுமையாக விமர்சித்து நூலெழுதிய பிரெஞ்சுப் பிரபு குஸ்ரீனை மாதிரியாகக் கொண்ட பாத்திரம். ஓரிடத்தில் மகா பீற்றர் தோன்றுகிறார். இன்னோரிடத்தில், 1829 இல் தெஹ்ரானில் தூதுவர் கிரிபோயெதொவ் கொல்லப்பட்டமைக்காகப் பாரசீகத் தூதுக்குழு முதலாம் நிக்கலஸிடம் மன்னிப்புக் கோருகின்றது. நாடக ஒத்திகையிற் கண்ட இரண்டாம் கதரீனைப் பின்னர் முதுமையில், பனிபடர்ந்த தோட்டத்திற் காண்கிறோம். இடையிடையே தற்காலப் பார்வையாளரும் வருகின்றனர். இங்கு இடம் தொடர்கின்றது, காலமோ முறிகின்றது. ஒரு கதவைத் திறக்க ஒரு நூற்றாண்டு கழிந்துவிடுகின்றது. வெட்டுச் செய்யவேண்டிய பணியைக் கட்டடமே செய்கின்றது என்பதே இப்படத்தின் தலையாய கலைநுட்பம் எனலாம்.

இதன் கருத்துநிலையை அறிய ஐசன்ஸ்ரைனின் ‘அக்ரோபர்’ (1928) படத்துடன் ஒப்பிடல் தகும். ஐசன்ஸ்ரைனும் இதே மாளிகையிற் படம்பிடித்தவர். அவர் கெரன்ஸ்கி படியேறுவதைத் துண்டுதுண்டாக வெட்டி, மீண்டும் மீண்டும் ஒட்டிக் காட்டினார். ஏறிக்கொண்டேயிருந்தும் எங்கும் சென்றடையாத அதிகாரத்தின் வெறுமை அத்தொகுப்பினாற் புலப்பட்டது. முரண்களின் மோதலே வரலாறு என்னும் நோக்கு, காட்சிகளின் மோதலாக உருப்பெற்றது. சொகுரோவிடத்து மோதலுக்கு இடமில்லை. வெட்டு மறுக்கப்படும்பொழுது வரலாற்றின் முறிவும் மறுக்கப்படுகின்றது. 1917 ஆம் ஆண்டுப் புரட்சி காட்சியாக எங்கும் இடம்பெறவில்லை. 1861 வரை பண்ணையடிமைகளாயிருந்த குடியானவரின் உழைப்பு இம்மாளிகையின் செல்வத்திற்கு அடித்தளமாயிருந்தது; அவர்கள் எந்த மண்டபத்திலும் மையம் பெறுவதில்லை. பணியாளர் வருகின்றனர், ஆயினும் பின்னணியாகவே நிற்கின்றனர்.

அவ்வாறாயின் இப்படத்தைப் பழைமையின் புகழ்ச்சியென ஒதுக்கிவிடலாமா? ஆகாது. பல்சாக்கின் அரசியற் சார்பையும் மீறி அவரது யதார்த்தவாதம் வெளிப்பட்டதை ஏங்கெல்ஸ் 1888 இல் எழுதிய கடிதமொன்றிற் சுட்டிக்காட்டினார். அவ்வாறான மீறல் இங்கும் நிகழ்கின்றது. தடையை மீறிப் பிரபு திறக்கும் கதவொன்றின் பின்னால் லெனின்கிராட் முற்றுகைக் காலத்துக் (1941–1944) குளிர் உறைந்த அறையொன்றிருக்கிறது. வெறுஞ்சட்டங்களிடையே ஒருவர் சவப்பெட்டி செய்துகொண்டிருக்கிறார். ஒளிமிக்க மண்டபங்களைக் காத்தளித்த மக்களின் விலை இவ்வொரு காட்சியில் அழுத்தமாகப் பதிவாகின்றது.

இறுதியில் 1913 ஆம் ஆண்டின் பெருநடனம் முடிந்து, மேன்மக்கள் மாளிகையின் பெரும்படிக்கட்டில் இறங்கி வருகின்றனர். பிரபு உடன்வர மறுத்து அங்கேயே தங்கிவிடுகிறார். அடுத்த ஆண்டே போர் மூளும் என்பதை அக்கூட்டம் அறியாது, நாமறிவோம். வெட்டப்படாத ஓட்டத்தினால் அவர்களது நடையைக் குறுக்கவோ நிறுத்தவோ இயலாதிருப்பதே அக்காட்சிக்குத் துயரத்தை ஊட்டுகின்றது. படைப்பாளி அவர்களுக்காக இரங்குகின்றார். எனினும் ஒரு வர்க்கம் வரலாற்றிலிருந்து வெளியேறும் நடையாகவே அது நமக்குத் தென்படுகின்றது.

எனவே ‘ருஷ்யப் பேழை’யின் அருஞ்சாதனையை மதிப்பதும் அது மறைப்பவற்றை வினவுவதும் முரண்பட்ட செயல்களல்ல. தொடர்ச்சியை இத்துணைச் செம்மையாகக் காட்டிய படைப்பே, விடுபட்ட முறிவு எது என்ற வினாவையும் கூர்மையாக எழுப்புகின்றது. அவ்வினாவைத் தவறவிடாது படத்தைக் காண்பதே முழுமையான இரசனையாகும்.