வாட்ச்மேன் கையில் மியூசியம்!

ஆபீசில் ஆள் குறைந்தால் என்ன ஆகும்? ப்யூன் டைப்பிஸ்ட் ஆவார். டைப்பிஸ்ட் அக்கவுண்டன்ட் ஆவார். மானேஜர் மட்டும் மானேஜராகவே இருப்பார்!

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே கௌபாய்களுக்கென்றே ஒரு தேசிய மியூசியம் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் இழுத்து மூடினார்கள். காவலுக்கு இருந்தது செக்யூரிட்டி ஆட்கள்தான். 'அப்படியே ட்விட்டரையும் பார்த்துக்குங்க' என்று செக்யூரிட்டி தலைவர் டிம் டில்லர் தலையில் கட்டிவிட்டார்கள்.

டிம்முக்கு ட்விட்டர் புதுசு. 'ஹேஷ்டேக் போடுங்க சார்' என்றால், அந்தக் கோட்டு அடையாளத்தைப் போடாமல் 'ஹேஷ்டேக்' என்று எழுத்துக்கூட்டி எழுதினார் மனுஷர்! ஒவ்வொரு பதிவின் அடியிலும் லெட்டர் மாதிரி 'நன்றி, டிம்' என்று கையெழுத்து வேறு. பேரனிடம் சந்தேகம் கேட்டதையும் மறைக்கவில்லை. 'ட்ரூ கிரிட்' படத்தில் ஜான் வெய்ன் போட்ட தொப்பியைக் காட்டியும் கலாட்டா!

உலகமே வீட்டுக்குள் பயந்து கிடந்த நேரம். இப்படி ஒரு வெள்ளந்தி மனுஷர் பேசினால் விடுவார்களா? அந்த மியூசியத்தைப் பின்தொடர்ந்தவர்கள் எண்ணிக்கை சில வாரங்களில் லட்சங்களைத் தொட்டது. கதவு மூடியிருந்தபோதுதான் கூட்டம் அதிகம்!

காரணம் ரொம்ப சிம்பிள். மற்ற இடங்களில் நிறுவனம் பேசியது. இங்கே ஓர் ஆள் பேசினார்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க!

பேசினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும். வாஷிங்டனில் உள்ள 'லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்' ரொம்பப் பெரிய நூலகம். ஆனாலும் கௌரவம் பார்க்கவில்லை. 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய போட்டோக்களை 'ஃப்ளிக்கர்' தளத்தில் போட்டு, 'இதைப் பற்றித் தெரிஞ்சவங்க எழுதுங்க' என்று ஜனங்களிடம் விட்டுவிட்டது.

'வம்பை விலைக்கு வாங்குறீங்க' என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். நடந்தது வேறு. பத்தே மாதத்தில் 7,000-க்கு மேல் கருத்துகள், 67,000-க்கு மேல் குறிச்சொற்கள்! 'இந்தக் கட்டடம் இன்ன ஊர்', 'இந்த ஆள் இன்னார்' என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். ஊழியர்கள் சரிபார்த்து, 500-க்கும் மேற்பட்ட போட்டோக்களின் விவரங்களைத் தங்கள் பட்டியலில் திருத்தினார்கள். சம்பளம்? ஒரு பைசா கிடையாது.

ஒரு பக்கெட் ஐஸ் தண்ணி

சேவை அமைப்புகளுக்கு இன்னொரு கவலை - பணம். 2014-ல் ஆளாளுக்குத் தலையில் ஐஸ் தண்ணியைக் கொட்டிக்கொண்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது வெறும் விளையாட்டில்லை. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் கை, கால், பேச்சு என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ளும். அந்த நோய் தாக்கிய முன்னாள் பேஸ்பால் வீரர் பீட் ஃப்ரேட்ஸும் அவர் நண்பர்களும்தான் அதை ஊரெல்லாம் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள். தண்ணி ஊற்று, இல்லை பணம் கொடு, அடுத்து மூணு பேரை மாட்டிவிடு... அவ்வளவுதான் விதி. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது!

பணம் எங்கே போச்சு? நியாயமான கேள்வி. 2016-ல் பதில் வந்தது. அந்த நிதியில் நடந்த ஆராய்ச்சியில், நோயோடு தொடர்புள்ள 'நெக்1' என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஃப்ரேட்ஸும் 2019-ல், 34 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால், கொட்டிய தண்ணி வீணாகவில்லை.

ஆகவே இளைஞர்களே... 'நீ சின்னப் பையன், உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்' என்று ஏதாவது சங்கமோ அறக்கட்டளையோ தன் ஃபேஸ்புக் பக்கத்தை உங்கள் தலையில் கட்டினால் ஓடாதீர்கள். மூணே விஷயம்தான்: மனுஷனாகப் பேசுங்கள். ஜனங்கள் செய்யக்கூடிய சின்ன வேலையாகக் கேளுங்கள். செய்தபின் என்ன ஆச்சு என்று கணக்குச் சொல்லுங்கள்.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளலாம். டிம் அதைத்தான் செய்தார். கடைசியில் ஒரு நன்றி மட்டும் மறக்க வேண்டாம்.

ஹேஷ்டேக்... சரி, விடுங்கள்!