கல்லில் பெயர் பெற்றோரும் பெறாதோரும்

ரெங்கத்து மாணவர்க்கு ஸ்காட்லாந்து மிகத் தொலைவிலுள்ள நாடாகத் தோன்றலாம். ஆயினும் ஜொகூரின் தோட்டப்புற வரலாறு அந்நாட்டாரை விலக்கி எழுதத்தக்கதன்று. 1821ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் வணிகம் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரி ஸ்காட்லாந்தியர். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பிற்காலத்தில் மலாயாவின் பெருந்தோட்ட உரிமையாளர்களுள் ஒன்றாயிற்று. இலங்கையின் காப்பிச் செடிகளை 1869 முதல் இலைத்துரு நோய் அழித்தபோது, அங்கிருந்த துரைமார் சிலர் மலாயாவுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் சென்ற இடமெங்கும் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். ஆகவே துரைமாரின் இடுகாடுகள் நம் வரலாற்றுக்கும் சான்றாகும்.

இவ்வகை இடுகாடுகளுள் குறிப்பிடத்தக்கது கொல்கத்தாவில் 1820இல் அமைந்த ஸ்காட்லாந்தியர் இடுகாடு. டண்டீ, பெய்ஸ்லி முதலிய சொந்த ஊர்ப் பெயர்கள் அங்குள்ள கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. வங்காளத்துச் சணலும் டண்டீ நகரத்து ஆலைகளும் எவ்வாறு இணைந்தன என்பதை விளக்க, ஆசிரியர்க்கு இவ்வூர்ப் பெயர்களே போதுமான தொடக்கம். நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்த அவ்விடத்தை அளந்து பதிவு செய்யும் பணி 2008இல் தொடங்கியது.

எனினும் கல் முழு உண்மையையும் கூறுவதில்லை. இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை கண்டியின் மஹய்யாவ இடுகாட்டில் உள்ளது. 1835இல் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், பதினாறு வயதில் கப்பலேறி, 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தேயிலை, சிங்கோனா ஆகிய தொழில்களின் முன்னோடி என்று கல்வெட்டு அவரைப் போற்றுகிறது. இறுதி நாள்களில் நிறுவனம் அவரைத் தோட்டத்தை விட்டு வெளியேறப் பணித்ததையும், அவர் மறுத்து அங்கேயே 1892 மே மாதத்தில் வயிற்றுக்கடுப்பால் இறந்ததையும் அது கூறவில்லை. புகழ்ச்சி மட்டுமே எஞ்சுவது கல்லறை எழுத்தின் இயல்பு போலும்!

அவருடைய உடலை மலையிலிருந்து கண்டிக்குச் சுமந்தவர்கள் 24 பேர். பன்னிருவர் கொண்ட இரு குழுக்களாக மாறி மாறித் தோள் கொடுத்து, ஏறத்தாழ 18 மைல் நடந்தனர். அவரைச் ‘சாமி துரை’ என அழைத்த தொழிலாளர் பின்தொடர்ந்தனர். அன்பினால் நடந்தோரும் இருந்திருப்பர், ஏவலுக்கு அஞ்சி நடந்தோரும் இருந்திருப்பர்; நாம் ஒன்றை மட்டும் கூறிவிடுதல் முறையன்று. சுமந்த அத்தோள்களுக்குரியவர் பெயர் எதுவும் அக்கல்லில் இல்லை.

இறந்தோர்க்குக் கல் நடுதல் தமிழர்க்குப் புதிதன்று. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே வகுத்துரைக்கிறது. அம்மரபினர் தோட்டத்தில் இறந்தபோதோ, பெரும்பாலோர்க்கு மண்மேடும் மரக்கட்டையும் வாய்த்ததே மிகுதி. மழையில் மேடு கரையும்; கட்டையைக் கறையான் தின்னும்; தோட்டம் கைமாறி நிலம் வேறு பயனுக்குச் செல்லும்போது இடமே மறைந்துவிடும். துரையின் கல்லறையைப் பேணுவதால் தொழிலாளர்க்கு இழப்பில்லை. அது நிற்கும்வரை, அதன் அருகே யார் வாழ்ந்தனர், அவர்களை எங்கே புதைத்தனர் என்று கேட்பதற்கு நமக்கோர் இடம் உண்டு. கல்லும் பெயர்ந்தால் அக்கேள்வி எழுவதும் அரிது.

பள்ளி மாணவர் இப்பணியில் ஈடுபடலாம். உரியவரின் இசைவு பெற்றபின், எழுத்தை உள்ளவாறே படியெடுக்க வேண்டும், பிழையிருப்பினும் திருத்தலாகாது. மங்கிய எழுத்தின்மீது காலை வெயிலைக் கண்ணாடியால் பக்கவாட்டில் திருப்பினால் பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் புலப்படும். கம்பித் தூரிகையும் அமிலமும் கல்லை அரிக்கும், தொடவே கூடாது. அதே ஏட்டின் எதிர்ப்பக்கத்தில், அத்தோட்டத்து முதியோர் நினைவிலுள்ள பெயர்களை, வந்த ஊர், செய்த வேலை, புதைத்த இடம் ஆகியவற்றுடன் எழுதுக. கல்லை நாளையும் படிக்கலாம். எதிர்ப்பக்கத்தை முதலில் நிரப்புக.