சலாம் வரிசைக்கு முந்தைய பத்து நிமிடம்

மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் சிலம்பப் போட்டி நடந்தால் கூட்டம் மொத்தமும் களத்தைத்தான் பார்க்கும். நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள். பெயர் கூப்பிடும்வரை பிள்ளைகள் கம்போடு காத்திருக்கும் ஓரம் இது. அடடா, இங்கே நடப்பதுதான் முதல் ஆட்டம்!

முதல் போட்டிக்கு வந்த பொடிசுகளுக்கு உள்ளங்கை வியர்த்துக் கம்பு வழுக்குகிறது. டி-சர்ட்டில் துடைத்துக்கொள்கிறார்கள், மறுபடி வழுக்குகிறது. "மாஸ்டர், ஒண்ணுக்கு வருது!" இப்போதுதான் போய்விட்டு வந்தவன். மாஸ்டர் கோபிப்பதே இல்லை. "போயிட்டு ஓடியா" என்கிறார். பயத்தில் அட்ரினலின் பாயும்போது கை நடுங்கும், வாய் உலரும், வயிறு கலங்கும் என்பது அவர் பல தலைமுறைப் பிள்ளைகளிடம் கண்ட சங்கதி.

அவர் கொடுக்கும் மருந்து இரண்டே. ஒன்று, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுவது. மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றே தணியும். மற்றது, "சலாம் வரிசையை மட்டும் நெனை. மிச்சமெல்லாம் தானா வரும்." உடம்புக்கு மனப்பாடமான அந்த வணக்கத்தில் தொடங்கிவிட்டால், காலும் தானாகவே அடியெடுத்து வீடு கட்ட ஆரம்பித்துவிடும்.

அந்தப் பக்கம், எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைக்குத் தலைக்கவசம் மாட்டுகிற கல்லூரிப் பையன்களைப் பாருங்கள். சிரிப்பும் கிண்டலுமாக இருக்கிறார்கள், ஆனால் கண் மட்டும் எதிராளியின் காலடியை விட்டு நகரவில்லை. உண்மையில் இங்கே அதிக பாரம் சுமப்பவர்கள் இவர்கள்தான் என்பேன். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்ந்தபின், கழுத்தில் விழும் பதக்கம் வீட்டுக்கே வரும் சம்பளமாகத் தெரிகிறது. பொடிசுக்குத் தோற்றுவிடுவோமோ என்ற பயம் மட்டும்தான். இவனுக்கு அம்மாவின் முகமும் சேர்ந்து வருகிறது.

ஆசான்களுக்கு மட்டும் பதற்றமே கிடையாதா? இருக்கிறது, ஐயா! அது முன்கூட்டியே வந்துவிட்டுப் போய்விடுகிறது, அவ்வளவுதான். முந்தைய இரவு தூக்கம் பிடிக்காமல், ஒவ்வொரு கம்பையும் வளைத்துப் பார்த்து, கீறலும் சிம்பும் உண்டா என்று விரலால் தடவி முடித்திருப்பார்கள். களத்தில் நிற்கையில் முகம் தெளிந்திருக்கும். ஃபென்ஸ், எப்ஸ்டீன் என்ற இரு உளவியலாளர்கள் 1967-இல் வெளியிட்ட ஆய்வில் பாராசூட் வீரர்களிடம் இதையேதான் கண்டார்கள். புதியவர்களின் படபடப்பு குதிக்கும் நேரம்வரை ஏறிக்கொண்டே போனது. அனுபவசாலிகளுக்கோ முன்னதாகவே ஏறி, குதிக்கும் நேரத்தில் இறங்கிவிட்டிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது! பயத்தை ஒழிப்பதல்ல, அதற்கு நேரம் குறித்துக் கொடுப்பதுதான் பயிற்சி.

1971-இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடியே எம்.ஜி.ஆர். கம்பு சுற்றியதைப் பார்த்து விசிலடித்த தாத்தாக்கள் சிலர் இன்று பேரன் பேத்தியோடு வந்திருக்கிறார்கள். பேத்தியைவிடத் தாத்தாவுக்குத்தான் நடுக்கம் அதிகம்.

இதோ, ஒரு பேத்தியின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. ஓடுகிறாள், ஆடுகிறாள், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருகிறாள். முதல் போட்டி இப்போதுதான் முடிந்தது, அதற்குள் அடுத்து நிற்கும் பொடியனின் தோளைப் பிடித்துவிட்டாள்: "டேய், சலாம் வரிசையை மட்டும் நெனைடா!"