பழைய ஸ்ட்ரீமர் வாங்கலாமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் எங்கள் கொல்லிமலை. ஆடி மாதம் பிறந்துவிட்டால் அங்கே மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி ஏறிவிடும். என் தாய்மாமன் ரேடியோ செட் வைத்திருப்பவர். அவருடைய தந்தை காலத்தில் பாட்டு இசைத்தட்டில் வந்தது, பிறகு காசெட்டில் வந்தது, அதன்பின் குறுந்தகட்டில், இன்று பென் டிரைவில் வருகிறது. பாட்டைத் தரும் பெட்டி மூன்று முறை மாறிவிட்டது. மரத்தில் ஏறும் குழாய்கள் மட்டும் தாத்தா வாங்கியவையே.

சென்ற ஆண்டு சேலத்தில் ஒரு பழுது பார்க்கும் கடையில் மாமாவிடம் ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டுத் தயாரிப்பு, கனமான அலுமினிய உடல், புதிதாக இருந்தபோது லட்சத்துக்கு மேல் விலையாம். பென் டிரைவ் வேண்டாம், உலகத்துப் பாட்டெல்லாம் தானே வரும் என்றார்களாம். கேட்ட விலையோ எங்கள் வீட்டு மிளகு ஒரு பருவத்தில் தரும் காசில் பாதி.

"மாப்ளே, நீ இதைத்தானே படிக்கிறே? வாங்கலாமா, வேண்டாமா, சொல்லு" என்றார் மாமா.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. என்னை நம்பி ஒரு பெரியவர் காசைப் பற்றிக் கேட்டது அதுவே முதல் முறை. பெட்டியோடு வந்த தாளில் இருந்த எண்களைப் படித்துப் பார்த்துவிட்டு, "தாராளமாக வாங்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அந்த விடை எவ்வளவு அவசரமானது என்பதையும், பின்னர் நான் அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஸ்ட்ரீமர் என்பது யாது?

ஸ்ட்ரீமர் என்பது, கணினியிலோ இணையத்திலோ இலக்கங்களாக இருக்கும் இசையை வலையமைப்பு வழியாகப் பெற்று, மின்னலையாக மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் கருவி. அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, பாட்டை எங்கிருந்தோ கொண்டுவருவது. மற்றொன்று, வந்த எண்களை ஒலிக்குரிய மின்னலையாக்குவது. இந்த இரண்டும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. பழைய ஸ்ட்ரீமரின் மதிப்பைக் கணக்கிட இதை அறிந்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

மூப்படையாத பகுதி

முதலில் மின்னலையாக்கும் பகுதியைக் காண்போம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைப் பிழையின்றித் திரும்பப் பெற, அதன் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அதை அளந்து எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவேதான் 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 16 பிட். அதாவது 65,536 படிகள். ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபெல் வீதம், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கிறது.

செவியின் எல்லை மாறவில்லை; ஆகவே இந்தக் கணக்கும் மாறவில்லை. 2006-இல் அமெரிக்காவின் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் 'டிரான்ஸ்போர்ட்டர்' என்னும் உயர்தர ஸ்ட்ரீமரை 1,999 டாலர் விலையில் வெளியிட்டது. 24 பிட் அளவில், வினாடிக்கு 96,000 முறை அளந்த இசையை அது அன்றே ஏற்றது. அத்தகைய பெட்டி நல்ல நிலையில் இருந்தால், ஒலியின் தரத்தில் இன்றும் குறை சொல்ல முடியாது.

வேகமும் தடையல்ல. 44,100-ஐ 16-ஆலும், இடம் வலம் என்னும் இரண்டு தடங்களுக்காக 2-ஆலும் பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட்டுகள். அக்கால வைஃபை முறையின் பெயரளவு வேகம் வினாடிக்கு 5 கோடியே 40 லட்சம் பிட். நடைமுறையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தாலும் போதுமானது.

நான் படித்த தாளில் இவையே இருந்தன. என் விடை அதோடு நின்றுவிட்டது.

மூப்படையும் பகுதி

மாமா அதோடு நிற்கவில்லை. எங்கள் ஊரில் குடிநீர் மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது. அவர் கேட்டார்: "குழாய் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஊத்து யாரோடது?"

எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தபோதுதான் அதுவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்று புரிந்தது.

டிரான்ஸ்போர்ட்டரை வெளியிட்ட நிறுவனத்தை அதே 2006-இல் லாஜிடெக் வாங்கியது. 2012-இல் அவ்வரிசைக் கருவிகள் நிறுத்தப்பட்டன. இணையப் பாடல் சேவைகளை அவற்றோடு இணைத்துவந்த நிறுவனத்தின் வலைத்தளம் 2024-இல் மூடப்பட்டது. இன்னொரு நிகழ்ச்சி. சோனோஸ் நிறுவனம் தன் பழைய கருவிகள் சிலவற்றிற்கு 2020 மே மாதத்திற்குப் பிறகு புதிய மென்பொருள் வராது என்று அவ்வாண்டு ஜனவரியில் அறிவித்தது, வாங்கியவர்கள் கொதித்தெழுந்தனர். பெட்டிகளில் பழுது ஏதும் இல்லை. அவற்றை இயக்கும் மென்பொருளைத் தொடர்ந்து தரவேண்டியவர்கள் வேறு வழியில் நடந்துவிட்டார்கள்.

புதுமை என்று விளம்பரப்படுத்தப்பட்டதும் மூப்படையும். எம்.கியூ.ஏ. என்னும் இசைக்கோப்பு முறையை ஏற்கும் என்பதற்காகவே சில ஸ்ட்ரீமர்கள் விரும்பி வாங்கப்பட்டன. அதை உருவாக்கிய பிரிட்டிஷ் நிறுவனம் 2023-இல் நொடித்தது. டைடல் என்னும் பாடல் சேவை 2024-இல் அம்முறையைக் கைவிட்டது.

மேலும், இன்றைய இணையச் சேவைகள் பூட்டிய கதவு போன்றவை. பூட்டின் வகை அவ்வப்போது மாறுகிறது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பெட்டியிடம் பழைய சாவிதான் இருக்கும்.

இவை தவிர, உடல் மூப்பும் உண்டு. மின்வழங்கிப் பகுதியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் நாளடைவில் உலர்ந்துபோகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கணக்கு. ஆனால் இது பழுது நீக்குபவர் கையால் தீரக்கூடிய குறை. அணைந்துபோன வலைத்தளத்தை எந்தக் கடையில் சரிசெய்வது?

பிழைத்த பெட்டிகள்

ஆயினும் டிரான்ஸ்போர்ட்டர் குடும்பத்துக் கருவிகள் இன்றும் பல வீடுகளில் பாடுகின்றன. அவற்றுக்குப் பாட்டு வழங்கும் மென்பொருள் தொடக்கம் முதலே எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மென்பொருள். நிறுவனம் கைவிட்ட பின்னும் தன்னார்வலர்கள் அதைப் பேணிவருகின்றனர். 2024-இல் அதற்கு 'லிரியன்' என்று பெயர் சூட்டினர். ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியில் அதை நிறுவி, நம் பாடல்களைச் சேர்த்து வைத்தால், பாடல்கள் வீட்டுக்குள்ளிருந்தே பெட்டிக்கு வரும். ஊற்று நம் தோட்டத்தில் இருப்பது போல.

சேலத்தில் செய்த சோதனை

ஒரு விடுமுறை நாளில் மாமாவும் நானும் சேலம் சென்றோம். கடையின் இணையத்தில் பெட்டியை இணைத்து ஒரு வானொலி நிலையத்தைத் தேடினோம். "இணைக்க இயலவில்லை" என்பதையே திரை திரும்பத் திரும்பக் காட்டியது. பிறகு கடைக் கணினியில் இருந்த பாட்டுகளைக் கம்பி வழியாகக் கொடுத்தோம், தடையின்றிப் பாடியது. ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். அளவுக்கு மீறிய சூடும் இல்லை, இரைச்சலும் இல்லை. நல்ல ஸ்பீக்கரில் கேட்டபோது தவிலின் அதிர்வு நெஞ்சில் பட்டது. மாமா கண்ணை மூடிக் கேட்டார்.

பெட்டி நல்ல பெட்டியே. ஆனால் அதன் பாதி வேலை போய்விட்டது. கேட்ட விலையோ முழுப் பெட்டிக்குரியது. எங்கள் ஊரிலோ மேட்டுப் பாறைக்கு ஏறினால்தான் கைப்பேசிக்கே அலை கிடைக்கும். அதற்கும் மேலாக, குழாய் ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழும் சில ஆயிரம் ஹெர்ட்சுக்கு மேலும் ஒலியைச் சரிவரத் தராது. தொலைவுக்குக் குரல் எட்டுவதற்காகவே அமைந்த கருவி அது. 20,000 ஹெர்ட்ஸ் வரை துல்லியமாகத் தரும் பெட்டியை அதற்கு முன்னால் வைப்பது, சல்லடையில் பால் அளப்பதற்குச் சமம்.

"முதலில் வாங்கலாம் என்றது தப்பு மாமா" என்றேன். "சரி விடு. பார்த்துட்டுத்தானே சொல்றே" என்றார். அந்தக் கடைவீதியிலேயே குழாய்களுக்கு இரண்டு புதிய யூனிட் வாங்கிக்கொண்டு மலையேறினோம். மிச்சக் காசு மாமா மடியில் பத்திரமாக இருந்தது.

முடிவுரை

அப்படியானால் பழைய உயர்தர ஸ்ட்ரீமர் வாங்கத் தகாததா? அப்படியும் சொல்வதற்கில்லை. வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் உள்ளவர், தம் பாடல்களைத் தாமே சேர்த்து வைத்திருப்பவர், நியாயமான விலைக்குக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். புதியதன் விலையில் சிறு பகுதிக்கு அதே இசை கிடைக்கும். மாதச் சந்தாப் பாடல்களை மட்டுமே நம்புபவர் விலகி நிற்பதே நலம்.

வாங்குமுன் மூன்றைச் சோதித்தறிக. ஒன்று: இணையத்தைத் துண்டித்துவிட்டால், நம் கணினியிலுள்ள பாட்டைப் பாடுகிறதா? இரண்டு: தயாரித்தவர் கைவிட்டாலும் வேறு எவரேனும் அதன் மென்பொருளைப் பேணுகிறார்களா? மூன்று: அதன் திறத்தை வெளிப்படுத்தும் ஸ்பீக்கர் நம்மிடம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குக. முதல் கேள்விக்கே இல்லை என்றால், அலுமினிய உடலின் அழகில் மயங்க வேண்டாம்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். ஊர் நம்மிடம் கேள்வி கேட்கும். தாளில் உள்ள எண்களைப் பார்த்து உடனே விடை சொல்ல நாக்கு துடிக்கும். நம் சொல்லை நம்பிச் செலவாவது ஒருவருடைய மிளகுக் காசு என்பதை நினைவிற் கொள்வோம். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதும் படித்தவன் சொல்லும் விடைதான். இந்த ஆடியில் எங்கள் குழாய்கள் எதிர்மலைச் சரிவு வரை தெளிவாகக் கேட்டன.