மலை நாட்டுக்கு ஏன் 'தாழ்நிலம்' என்று பெயர்?

1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருக்கும் கரீபியத் தீவு குவாதலூப். அதன் மேற்குப் பாதிக்கு 'பாஸ்-தேர்', அதாவது தாழ்நிலம், என்று பெயர். ஆனால் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை நிற்பதே அங்குதான்! பெயர் வைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்களா என்று கேட்கத் தோன்றும். அப்படியில்லை, அது பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு. காற்று வரும் பக்கம் அவர்களுக்கு மேல், காற்று மறைவான பக்கம் கீழ். அந்தக் கடலில் வீசுவது கிழக்குக் காற்று. அதே பெயர் கொண்ட பாஸ்-தேர் நகரமோ மலைக்குப் பின்னால் தென்மேற்கில் ஒதுங்கியிருக்கிறது. ஓர் ஊரை வைத்து முடிவுகட்டலாமா என்றால், செயின்ட் கிட்ஸ் தீவின் தலைநகரான பாஸ்டேரும் காற்று மறைவில்தான் இருக்கிறது.

குவாதலூப்பின் இதே மேற்குப் பாதியில், காற்றை நேருக்கு நேர் வாங்கும் கிழக்குக் கரை ஊர், கபெஸ்தேர். மேகம் மலையில் மோதி மழை கொட்டுவது அந்தப் பக்கம்தான். கார்பே அருவிகளும் செழித்த வாழைத் தோட்டங்களும் அதன் கொடை. 1854 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் கும்பிடும் சாங்ஜி மாரியம்மன் கோயில், சுதைச் சிற்பங்களோடு சாலையோரம் நிற்பதும் இதே கபெஸ்தேரில்தான்.