உங்களுக்குத் தெரியுமா? அறுந்த கம்பியும் அபாயம் சொல்லும்

திருப்பூர்ப் பனியன் ஆலையொன்றில், ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சாரும் தீ எச்சரிக்கை அமைப்பும் ஒரே விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைக்கப்படும்போது, அவ்விரண்டையும் ஒரே முறையில் அமைப்பது பெரும்பிழையாகும். சென்சாருக்கு, ஆளைக் கண்டால் மட்டும் மின்சுற்றை மூடும் 'இயல்பில் திறந்த' தொடுப்பே போதும். அதன் கம்பி அறுந்தால் விளக்கு தானாக எரியாது, அவ்வளவே. தீ எச்சரிக்கைக்கோ, எப்போதும் மூடியிருந்து ஆபத்தில் மட்டும் திறக்கும் 'இயல்பில் மூடிய' தொடுப்பு ஏற்றது. ஏனெனில் எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் சுற்று திறந்துகொள்வதால், பெட்டி அதையும் ஆபத்தாகவே கொண்டு எல்லா விளக்குகளையும் முழு ஒளியில் எரியவிடும். இரு கம்பிகள் ஒட்டிக்கொள்ளும் பழுது மட்டும் இம்முறைக்குப் புலப்படாது என்பதால், கம்பியின் கடைக்கோடியில் சிறு மின்தடை ஒன்றைச் சேர்த்து, சுற்றின் மொத்த மின்தடை அளவு மாறுவதைக் கொண்டு அப்பழுதையும் கண்டறிகின்றனர்.

பின்னலாடைத் தொழிலுக்கே உரிய தொல்லை பஞ்சுத்தூசு. உடல் வெப்பத்தின் அசைவை அகச்சிவப்புக் கதிர்வழி உணரும் சென்சாரின் வில்லையில் அது படிந்துவிட்டால், செக்கிங் மேசையில் அதிகம் அசையாமல் துணியில் ஓட்டை தேடிக்கொண்டிருக்கும் பெண் அங்கிருப்பதே அதற்குத் தெரியாமல், வேலை நடுவில் விளக்கு அணைந்துபோகும். ஆகவே வில்லையைத் துடைப்பதும் அணையும் நேரத்தைச் சற்று நீட்டிவைப்பதும் அவசியம். தீ எச்சரிக்கை வந்தபின் கையால் மீட்டமைக்கும்வரை சென்சாரின் கட்டளை எதுவும் செல்லாதபடி முன்னுரிமை வகுப்பதோ அதனினும் அவசியம்.