டீசல் வண்டியின் குளோ பிளக்: சிறு பொருள், பெரும் பயன்

விடியற்காலைக் குளிர்ச்சி பால்மரத்திற்கு உகந்தது. அந்நேரத்தில் வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அதே நேரம் டீசல் இயந்திரத்திற்குச் சோதனையான நேரமாகும். இரவு முழுவதும் நின்று குளிர்ந்துபோன இயந்திரத்தை இயக்க முற்படும்போது அது திணறுவதும், வெண்புகை கக்குவதும், சில வேளைகளில் இயங்கவே மறுப்பதும் உண்டு. இத்தொல்லைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அடிக்கடி காணப்படுவதும், குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியதும் ஒன்றுண்டு. 'குளோ பிளக்' எனப்படும் சூடேற்றும் பிளக் தேய்ந்துபோவதே அது.

தோட்டக் குடும்பங்களிலும் டீசல் வேன், பிக்-அப், பழைய கார் ஆகியவற்றை வைத்திருப்போர் உள்ளனர். அவர்களுக்குப் பயன்படும் வகையில், குளோ பிளக் என்றால் என்ன, அது கெட்டதை அறிவது எப்படி, அதை மாற்றும் முறை யாது என்பனவற்றை இங்கு விளக்குவோம். டீசல் கார்களைப் பல்லாண்டுகள் பெருமளவில் ஓட்டிய சிங்கப்பூரின் டாக்சித் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சிங்கப்பூரின் டீசல் டாக்சிகள்

ஒரு காலத்தில் தேக்காவில் நின்று சிராங்கூன் சாலையைப் பார்த்தவர்கள், அங்கு ஓடிய டாக்சிகளின் டீசல் ஒலியை மறந்திருக்க மாட்டார்கள். கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும் கொண்ட தனியார் டாக்சிகள் ஒருபுறம் ஓடின. 1970ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடங்கிய 'கம்ஃபர்ட்' கூட்டுறவு அமைப்பின் டாக்சிகள் மறுபுறம் பெருகின. நாள் முழுவதும் ஓடும் வண்டிக்கு எரிபொருட் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பதால் டீசலே விரும்பப்பட்டது. டொயோட்டா கிரவுன், நிசான் செட்ரிக் போன்ற டீசல் கார்கள் அந்நகரச் சாலைகளில் நெடுங்காலம் காணப்பட்டன.

இந்த டாக்சிகளில் பல, இருவர் கூட்டாக ஓட்டியவை. ஒருவர் பகலிலும் மற்றவர் இரவிலும் ஓட்டுவர். இத்தகைய வண்டியின் இயந்திரம் முற்றாகக் குளிர்வதே அரிது. ஆதலால், குளோ பிளக் ஒன்றிரண்டு கெட்டிருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. பண்டிகைக்காக இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு மூன்றாம் நாள் காலையில் திறப்பைத் திருப்பும்போதுதான் குறை வெளிப்படும். ஒற்றை ஆளாக ஓட்டியவருக்கோ ஒவ்வொரு விடியலும் சோதனைதான். டாக்சியை வாடகைக்கு எடுத்தவர், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் அன்றைய வாடகையை எண்ணிப்பார்க்க வேண்டியவர். காலை நேரச் சவாரி போய்விட்டால் அது திரும்ப வராது. சுண்டுவிரல் அளவேயுள்ள ஒரு பொருள், ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தைத் தடுத்துவிடக்கூடும் என்பதை இதனால் உணரலாம்.

டீசல் இயந்திரம் எரியும் விதம்

பெட்ரோல் இயந்திரத்தில், காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை 'ஸ்பார்க் பிளக்' தன் மின்பொறியால் பற்றவைக்கிறது. டீசல் இயந்திரத்தில் மின்பொறி கிடையாது. ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ப் டீசல் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இந்த இயந்திரம் வேறொரு விதியை நம்பியுள்ளது. காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். டீசல் இயந்திரத்தின் பிஸ்டன், காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அந்நேரத்தில் இஞ்செக்டர் வழியே பீச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இந்த ஏற்பாடு தடைப்படுகிறது. அழுத்தத்தால் எழும் வெப்பத்தைக் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. அத்துடன், ஸ்டார்ட்டர் மோட்டார் இயந்திரத்தை மெதுவாகவே சுழற்றுவதால் அழுத்தப்பட்ட காற்றில் ஒரு பகுதி கசிந்தும் போகிறது. பழைய டீசல் கார்களில் எரிபொருள் முதலில் ஒரு சிறு முன்னறையில் பீச்சப்படும். அவ்வறையின் சுவர்ப்பரப்பு அதிகமாதலால் வெப்ப இழப்பும் அதிகம். ஆகவேதான், பனியே பெய்யாத சிங்கப்பூரிலும் நம் தோட்டங்களிலும்கூட இவ்வகை வண்டிகளுக்குக் குளோ பிளக் தேவைப்படுகிறது.

குளோ பிளக் என்பது பென்சில் போன்ற ஓர் உலோகக் குழல். அதனுள் ஒரு கம்பிச் சுருளும், அதைச் சுற்றி மின்சாரம் கசியாதபடி காக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூளும் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக் உண்டு. திறப்பைத் திருப்பியதும் பேட்டரியின் மின்சாரம் சுருளில் பாய்ந்து, பிளக்கின் முனையை 850 பாகைக்கு மேல் சிவக்கச் செய்கிறது. பீச்சப்படும் டீசல் இந்தச் சூட்டில் பற்றிக்கொள்கிறது. பழைய வண்டிகளில் இதற்கு அரை நிமிடத்திற்கு மேலும் காத்திருக்க வேண்டும். பிந்திய வகைகளில் சில விநாடிகள் போதும். முகப்பில் சுருள் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு அணைந்த பின்னரே இயந்திரத்தைச் சுழற்ற வேண்டும். இதைப் பொருட்படுத்தாது உடனே சுழற்றுவோர் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் வீணே வருத்துகின்றனர்.

கெட்டதை அறிவது எப்படி?

கீழ்க்காணும் அறிகுறிகள் தென்பட்டால் குளோ பிளக்கைச் சோதித்தல் நன்று.

1. காலையில் நெடுநேரம் சுழற்றிய பின்னரே இயந்திரம் இயங்குதல். ஆனால் சூடான பிறகு ஒரே சுழற்றில் இயங்குதல்.

2. தொடக்கத்தில் வெண்புகையும் டீசல் நெடியும் வருதல். எரியாத டீசலே இவ்வாறு புகையாக வெளிவருகிறது.

3. முதல் ஒரு நிமிடம் இயந்திரம் ஒழுங்கின்றித் துடித்து, பிறகு சீரடைதல்.

சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையென்றால் குறை வேறிடத்தில் இருக்கலாம். குளிர்விக்கும் நீர் சிலிண்டருள் கசிந்தாலும் வெண்புகை வரும். அப்போது பட்டறையை நாடுவதே முறை.

சோதனை செய்வது கடினமன்று. முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, பிளக்குகளை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டையை அகற்றி, எதிலும் படாதவாறு ஒதுக்கி வைக்க வேண்டும். பின்னர் எதிர்முனையை மீண்டும் இணைத்து, 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு கம்பியை நேர்முனையிலும் மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் சுருள் அறுபடவில்லை எனலாம். எரியாவிடில் அந்தப் பிளக் கெட்டது. மல்டிமீட்டர் உள்ளவர்கள் மின்தடையை அளக்கலாம். நல்ல பிளக்கில் அது பெரும்பாலும் 2 ஓமுக்குக் குறைவாகவே இருக்கும். எல்லாப் பிளக்குகளும் ஒரே நாளில் செயலற்றதாகத் தோன்றினால், பிளக்குகளைக் குறை கூறுமுன் ஃபியூசையும் ரிலேயையும் பார்த்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: புதிய வகை இயந்திரங்கள் சிலவற்றில் 12 வோல்ட்டிற்கும் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் பிளக்குகள் உள்ளன. அவற்றுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் நொடியில் கருகிவிடும். வண்டியின் கைந்நூலைப் பார்த்த பின்னரே சோதிக்க வேண்டும்.

மாற்றும் முறை

பிளக்குகள் யாவும் ஒரே அளவு உழைத்தவை. ஒன்று கெட்டால் மற்றவையும் அடுத்தடுத்துக் கெடும். ஆகையால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனமாகும். வண்டியின் மாதிரியையும் பழைய பிளக்கில் பொறித்துள்ள எண்ணையும் காட்டி, பொருத்தமானதையே வாங்க வேண்டும். நீளம் மாறினால் முனை பிஸ்டனில் இடிபடக்கூடும். மின்னழுத்தம் மாறினால் பிளக் கருகும்.

முதற்படியாக, இயந்திரத்தைச் சற்று ஓட்டி இளஞ்சூடாக்கி நிறுத்த வேண்டும். சூட்டில் உலோகம் விரிவதால் பிளக் எளிதில் இளகும். பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயை மரைப்பகுதியில் ஊற்ற வேண்டும். நெடுங்காலம் கழற்றப்படாத பிளக்கானால் முதல்நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊறவைப்பது நன்று.

அடுத்தது பொறுமைக்குரிய வேலை. சரியான அளவு ஸ்பேனரால் மெல்லத் திருப்ப வேண்டும். சிறிது இளகினால் மீண்டும் சற்று முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். வெட்டுக்கத்தி ஆழம் போனால் மரப்பட்டை புண்ணாவதை நாம் அறிவோம். இங்கும் வலிமையைக் காட்டினால் விளைவு அத்தகையதே. பிளக் நடுவில் முறிந்து, அதன் அடிப்பகுதி சிலிண்டர் ஹெட்டிற்குள் தங்கிவிடும். அதை எடுக்க ஹெட்டையே கழற்ற நேரலாம். முனைத்துண்டு உள்ளே விழுந்தால் பிஸ்டனும் பழுதாகும். நான்கு பிளக்குகளின் விலையில் முடிய வேண்டிய வேலை, இயந்திரத்தின் விலைக்கு ஏறிவிடும். பிளக் இளகவில்லையென்றால் கையை எடுத்துவிட்டுப் பட்டறைக்காரரை நாடுவது தோல்வியன்று; அறிவுடைமை.

பழைய பிளக் வெளிவந்ததும் அதன் முனையைப் பார்க்க வேண்டும். முனை உருகியோ உப்பியோ இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். டீசலைச் சொட்டவிடும் இஞ்செக்டரோ, மின்சாரத்தை நிறுத்தாத ரிலேயோ அதற்குக் காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் பூட்டினால் அதுவும் விரைவில் கெடும்.

பிளக் இருந்த துளையில் கரி படிந்திருந்தால் அதற்குரிய கருவியால் அகற்றி, புதிய பிளக்கை முதலில் விரலாலேயே திருகிப் பூட்ட வேண்டும். விரலுக்கு இணங்கிச் சென்றால்தான் மரை ஒழுங்காகப் பிடித்தது எனலாம். இறுதியில் முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனரால், கைந்நூல் கூறும் அளவே முறுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்குகளுக்கு அது பொதுவாக 15 நியூட்டன் மீட்டர் அளவினதே. தலையிலுள்ள சிறு நட்டை இன்னும் மென்மையாகவே இறுக்க வேண்டும்.

செய்யத் தகாதவை

இயந்திரம் இயங்காதபோது சிலர் ஈதர் கலந்த தெளிப்பு மருந்தைக் காற்றுக்குழாயில் அடிப்பதுண்டு. குளோ பிளக் உள்ள இயந்திரத்தில் இது மிகவும் ஆபத்தானது. சிவந்திருக்கும் முனையில் ஈதர் பட்டால் உரிய நேரத்திற்கு முன்பே வெடித்து இயந்திரத்தையும், அருகில் நிற்பவரையும் தாக்கக்கூடும். தீப்பந்தம் காட்டுவதும் அவ்வாறே விலக்கத்தக்கது. லாரியின் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துக் காரை இயக்குவதும் பிளக்குகளைக் கருக்கிவிடும்.

அடைத்த கொட்டகைக்குள் வண்டியைப் புகையவிடுதலும் கூடாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டில் அறிவித்தது. வண்டிக்கருகே உறங்கும் பிள்ளைகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்காரணத்தினாலேயே சிங்கப்பூரும் தன் கொள்கையைப் படிப்படியாக மாற்றியது. 2006 அக்டோபரில் புதிய டீசல் வண்டிகளுக்கு 'யூரோ 4' புகைத்தரம் கட்டாயமாக்கப்பட்டது. பழைய டொயோட்டா கிரவுன் டாக்சிகள் 2014ஆம் ஆண்டில் சாலையிலிருந்து விடைபெற்றன. 2025 ஜனவரி முதல் அங்குப் புதிய டீசல் கார்களும் டீசல் டாக்சிகளும் பதிவு செய்யப்படுவதில்லை. ஆயினும், முன்பே வாங்கப்பட்ட டீசல் வண்டிகள் பல நாடுகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவை உழைக்கும் காலம்வரை புகை குறைவாக, செலவு குறைவாக ஓடச் செய்வது உரிமையாளரின் கடமையாகும்.

எல்லா டீசல் இயந்திரத்திலும் குளோ பிளக் இருப்பதில்லை என்பதையும் கூறிவிடுதல் வேண்டும். பெரிய லாரிகளிலும் டிராக்டர்களிலும் டீசல் நேரடியாகச் சிலிண்டருள் பீச்சப்படுவதால், அவற்றுள் பல இதன்றியே இயங்கும். உங்கள் வண்டியில் உள்ளதா என்பதைக் கைந்நூலைப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். உள்ளதாயின், காலைத் திணறல் தோன்றிய வாரத்திலேயே சோதித்துப் பாருங்கள். பெரட்டுக்குப் போகும் வேளையில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பதைவிட, ஓய்வு நாளில் ஒரு மணிநேரம் ஒதுக்குவது மேலானது. பேணுதல் பெருஞ்செலவைத் தடுக்கும். பொறுமை இயந்திரத்தைக் காக்கும்.